செத்தவர் யார்?

(யாழ்ப்பாணத்தில் திரைப்பட ஆர்வலர்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கொலைப் படம் ஒன்றைப் பார்க்க உட்கார்ந்தால் எங்கள் எல்லாருடைய மனதிலும் ஓடுகிற கேள்வி ஒன்றுதான்: கொன்றது யார்? பக்கத்தில் இருப்பவரிடம் காதோடு காதாகச் சொல்லிப் பார்ப்போம். இடைவேளையில் பந்தயம் பிடிப்போம். ஏற்கெனவே பார்த்தவர் வாய் திறந்தால் "கதையைச் சொல்லாதேங்கோ" என்று அடக்குவோம். நான் இன்று பேச வந்தது அதற்கு முந்திய கேள்வியைப் பற்றி. செத்தது யார்? விக்டோரியா இராணி காலத்து லண்டனில் உருவான துப்பறியும் கதை இந்தக் கேள்வியை மெல்ல மெல்லக் கைவிட்டது. யாழ்ப்பாணத்துப் பார்வையாளர் அதைக் கைவிடவில்லை என்று நான் நினைக்கிறேன். ஏன் அப்படி நினைக்கிறேன் என்பதைச் சொல்கிறேன்.

விக்டோரியா காலம் எங்களுக்குத் தூரத்துக் காலமில்லை. நூலகத்துக்குப் போகிற வழியில் நிற்கிற மணிக்கூட்டுக் கோபுரம், 1875 இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததன் நினைவாக 1882 இல் கட்டப்பட்டது. ஷெர்லொக் ஹோம்ஸ் பிறப்பதற்கு ஐந்து வருடங்களுக்கு முன்பே அது மணி காட்டத் தொடங்கிவிட்டது. ஹோம்ஸும் எங்கள் பக்கம் வந்துபோனவர்தான். 1891 ஜூலை மாத "ஸ்ட்ராண்ட்" சஞ்சிகையில் கொனன் டொயில் எழுதிய முதல் ஹோம்ஸ் சிறுகதை வெளிவந்தது. அதில் டொக்டர் வொட்சன், தன் நண்பர் அண்மையில் துலக்கிய வழக்குகளைச் சொல்லும்போது, திருகோணமலையில் அட்கின்சன் சகோதரர்களுக்கு நேர்ந்த விசித்திரமான துயரத்தையும் ஒரு வரியில் குறிப்பிடுகிறார். அவ்வளவுதான். அந்தச் சகோதரர்கள் யார், திருகோணமலையில் என்ன தொழில் செய்தார்கள், அவர்களுக்கு என்ன நடந்தது என்று கொனன் டொயில் எந்த இடத்திலும் எழுதவில்லை. வழக்கை முடித்தவரின் பெயர் உலகம் முழுக்கத் தெரியும். துயரப்பட்டவர்களுக்கு மிஞ்சியது ஒரு குடும்பப் பெயரும் ஓர் ஊர்ப் பெயரும். அதே 1891 இல்தான் திருகோணமலையைச் சேர்ந்த எஸ். இன்னாசித்தம்பியின் "ஊசோன் பாலந்தை கதை" அச்சேறியது. ஈழத்துத் தமிழ் நாவலின் தொடக்கங்களில் ஒன்றாக நாங்கள் எண்ணுகிற நூல் அது. இரண்டும் ஒரே ஆண்டில் வந்தன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சிலிர்ப்பு உண்டாகும்.

இந்த மறதி எங்கே தொடங்கியது? லண்டன் பொலிஸில் துப்பறியும் பிரிவு 1842 இல் ஆரம்பமாயிற்று. 1860 இல் இங்கிலாந்தின் ஒரு கிராமத்துப் பெரிய வீட்டில் சாவில் கென்ட் என்ற குழந்தை கழுத்தறுபட்டுக் கிடந்தது. வயது நான்குகூட ஆகவில்லை. லண்டனிலிருந்து போன துப்பறிவாளர் ஜொனதன் விச்சர், பிள்ளையின் தகப்பனுடைய முதல் தாரத்துக்குப் பிறந்த பதினாறு வயது அக்காள் கொன்ஸ்டன்ஸ் மீது சந்தேகப்பட்டார். கண்ணியமான குடும்பத்துப் பெண்பிள்ளையைச் சந்தேகிப்பதா என்று நாடே அவர் மீது பாய்ந்தது. ஐந்து வருடம் கழித்து அந்தப் பெண் தானே குற்றத்தை ஒப்புக்கொண்டாள். இதில் நான் கவனிப்பது மக்களை. கொன்றது இன்னார்தான் என்று ஊகித்து, முன்பின் தெரியாதவர்களெல்லாம் அரசாங்கத்துக்கும் பத்திரிகைகளுக்கும் கடிதம் எழுதிக் குவித்தார்கள். இன்றைய மர்மப் படப் பார்வையாளர் பிறந்தது அந்தக் கடிதங்களில்தான் என்பேன். தாதி செய்தாளா, தகப்பன் செய்தாரா, அக்காள் செய்தாளா என்று எல்லாருக்கும் ஓர் எண்ணம் இருந்தது. செத்த பிள்ளையைப் பற்றிச் சொல்ல எவரிடமும் ஒன்றுமில்லை.

1888 இல் அந்த மறதி முற்றிப்போனது. லண்டனின் வைட்சப்பலில் ஐந்து பெண்கள் கொல்லப்பட்டார்கள். கொன்றவன் பிடிபடவே இல்லை. ஆனாலும் "ஜாக் த ரிப்பர்" என்ற பட்டப்பெயரோடு அவன் நூறு படங்களில் உலவுகிறான். ஹிட்ச்கொக் இயக்கி 1927 இல் வெளிவந்த "த லொட்ஜர்" என்ற மௌனப் படத்துக்கும் அந்த நிழல்தான் மூலம். மூடுபனி, குதிரை வண்டி, உயரத் தொப்பி, கருப்பு மேலங்கி என்று ஒரு முழு அழகியலே அவனைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. செத்த பெண்கள் அந்தப் படங்களில் ஒரு அலறலோடு முடிந்துபோகிறார்கள். 2019 இல் ஹாலி ரூபன்ஹோல்ட் என்ற வரலாற்றாசிரியர் அந்த ஐவரைப் பற்றி மட்டும் ஒரு நூல் எழுதினார். கொலைகாரனுக்கு அதில் இடமில்லை. மேரி ஆன் நிக்கொல்ஸ் ஒரு கொல்லரின் மகள், அச்சுத் தொழிலாளி ஒருவரின் மனைவி, ஐந்து பிள்ளைகளின் தாய். எலிசபெத் ஸ்ட்ரைட் சுவீடனில் பிறந்து லண்டனுக்கு வந்து, கணவனோடு சேர்ந்து கோப்பிக்கடை நடத்தியவர். கதரின் எடோஸ் தெருத்தெருவாகச் சிற்றேடுகள் விற்றவர். ஐவரும் உடலை விற்றுப் பிழைத்தவர்கள் என்று நூற்றுமுப்பது வருடமாகச் சொல்லப்பட்டதற்கு மூவர் விடயத்தில் ஆதாரமே இல்லை என்று ரூபன்ஹோல்ட் காட்டினார். அதற்காக அவர் வாங்கிய ஏச்சு கொஞ்சமல்ல. கொலைகாரன் யாரென்ற ஊகத்தில் வாழ்நாளைக் கழித்தவர்களுக்கு, செத்தவரைப் பற்றிய பேச்சு எரிச்சலைத்தான் தந்தது.

எல்லா விக்டோரியப் படமும் இப்படியென்று நான் சொல்லவில்லை. நான் மிகவும் மதிக்கிற படம் "காஸ்லைட்". பற்றிக் ஹமில்டன் 1938 இல் எழுதிய நாடகம் 1940 இல் பிரித்தானியாவில் படமாகி, 1944 இல் ஹொலிவூட்டில் ஜோர்ஜ் கியூக்கோரின் இயக்கத்தில் மறுபடியும் வந்தது. இங்கிரிட் பேர்க்மனுக்கு முதலாவது ஒஸ்கார் விருதை வாங்கிக் கொடுத்த படம். அலிஸ் அல்குவிஸ்ட் என்ற பாடகி லண்டனில் தன் வீட்டிலேயே கழுத்து நெரித்துக் கொல்லப்படுகிறாள். அவள் வளர்த்த பெறாமகள் போலா வளர்ந்து கலியாணம் முடித்து, கணவனோடு அதே வீட்டுக்குக் குடிவருகிறாள். சின்னம்மாவைக் கொன்றவன்தான் கணவன் என்பது அவளுக்குத் தெரியாது. இரவில் அவன் வெளியே போவதாகச் சொல்லிவிட்டு, சுற்றிவந்து மேல்மாடத்தில் ஏறி, செத்தவளின் நகைகளைத் தேடுகிறான். அங்கே அவன் விளக்கை ஏற்றும்போது கீழே போலாவின் அறையில் வாயு விளக்கின் சுடர் தாழ்கிறது. எல்லாம் உனது மனப்பிரமை என்று சொல்லிச் சொல்லி அவன் அவளைப் பைத்தியக்காரி ஆக்கப் பார்க்கிறான்.

அந்தச் சுடர் தாழும் காட்சியை வெளிநாட்டு விமர்சகர்கள் ஒளிப்பதிவின் திறமையாகப் பாராட்டுவார்கள். குடாநாட்டில் 1990 க்குப் பிறகு மின்சாரமில்லாமல் வருடக்கணக்கில் வாழ்ந்தவர்களுக்கு அது வேறுவிதமாகப் படும். ஒரு ஜெனரேற்றரில் நாலு வீடு ஓடிய காலத்தில், எங்கள் குமிழ் மங்கினால் பக்கத்து வீட்டில் யாரோ எதையோ போட்டுவிட்டார்கள் என்று உடனே விளங்கும். சுடர் தாழ்ந்தால் இன்னோர் இடத்தில் ஒருவர் இருக்கிறார் என்ற கணக்கு எங்கள் கண்ணுக்குப் பழகிய கணக்கு. ஆகவே போலா பைத்தியமில்லை என்பது, படம் சொல்வதற்கு முன்பே எங்கள் ஆட்களுக்குத் தெரிந்துவிடும். "அவன் மேலதான் நிக்கிறான் பிள்ளை" என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

இந்தப் படத்தை நான் மதிக்கக் காரணம் ஒரு கையுறை. அலிஸ் பாடிய காலத்தில் அவள்மீது பக்தி கொண்ட ஒரு சிறுவனுக்குத் தன் கையுறைகளில் ஒன்றைக் கொடுத்தாள். மற்றது அவள் வீட்டுக் கண்ணாடிப் பெட்டியில் கிடக்கிறது. அந்தச் சிறுவன்தான் வளர்ந்து ஸ்கொட்லாண்ட் யார்டில் வேலை பார்க்கிற பிரையன் கமரன். யாரையும் நம்பாத நிலையில் இருக்கிற போலாவிடம் அவன் தன் பதவியையோ அடையாள அட்டையையோ காட்டி நம்பிக்கை பெறுவதில்லை. அந்த ஒற்றைக் கையுறையை எடுத்து நீட்டுகிறான். அவள் அதைப் பெட்டியில் இருக்கிறதோடு சேர்த்துப் பார்க்கிறாள். செத்தவளை எனக்குத் தெரியும், அதனால் வந்தேன் என்பதே அவன் சொல்கிற செய்தி. மறந்து மூடப்பட்ட வழக்கை அவன் திறந்ததற்கு மூளைக் கூர்மை காரணமில்லை, பாசம் காரணம். துப்பறிவாளர் என்ற பாத்திரத்துக்கு இதைவிட நல்ல நியாயத்தை நான் வேறு படத்தில் பார்க்கவில்லை.

தமிழுக்கு வருவோம். வடுவூர் துரைசாமி ஐயங்காரும் ஜே. ஆர். ரங்கராஜுவும் ஆரணி குப்புசாமி முதலியாரும் எழுதிய துப்பறியும் நாவல்களைக் கடல் கடந்து வரவழைத்து வாசித்த தலைமுறை எங்களுடையது. ரெயினோல்ட்ஸ் போன்ற விக்டோரியா காலத்து எழுத்தாளர்களின் கதைகளுக்கு வேட்டி கட்டிக் கும்பகோணத்தில் நடமாடவிட்டவர்கள் அவர்கள். வடுவூராரின் கதையை மொடேர்ன் தியேட்டர்ஸ் 1950 இல் "திகம்பர சாமியார்" என்று எடுத்தது. எம். என். நம்பியார் வேடத்துக்கு மேல் வேடம் போட்டு வருவார். சுவையான படம், ஆனால் துப்பறிகிறவரின் சாமர்த்தியமே அங்கே முழுப் படமும்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து ஒரு மெய்யான வழக்கு. 1952 ஓகஸ்ட் மாதம், சென்னையிலிருந்து எங்கள் திசை நோக்கிப் புறப்பட்ட இந்தோ-சிலோன் எக்ஸ்பிரஸ் ரயிலில், மானாமதுரையில் ஒரு இரும்புப் பெட்டி திறக்கப்பட்டது. உள்ளே தலையில்லாத உடல். தலை பின்னர் சென்னை இராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. பொலிஸும் மருத்துவர்களும் எல்லாவற்றுக்கும் முன்னர் நிறுவ வேண்டியிருந்தது ஒன்றைத்தான்: செத்தவர் யார்? ஆளவந்தார் என்ற வியாபாரி என்று உறுதியான பிறகே வழக்கு நகர்ந்தது. பத்திரிகைகள் போட்டி போட்டு எழுதின. தெருவில் சிந்துப் புத்தகம் விற்ற பாட்டுக்காரர்களுக்கும் கொலை வழக்குகள் நல்ல சரக்கு. கொலைச் சிந்துகளை மலிவான இலக்கியம் என்று ஒதுக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாட்டுகள் செத்தவரின் ஊர், பெற்றோர், பிறந்த வீடு, புகுந்த வீடு என்று தொடங்கித்தான் கொலைக்கு வரும்.

இப்போது என் மனதுக்கு நெருக்கமான படம். வீணை வித்துவான் எஸ். பாலசந்தர் இயக்கி, ஏவி. எம். தயாரித்து 1954 சித்திரையில் வெளிவந்த "அந்த நாள்". பாட்டில்லை, நடனமில்லை, சண்டையில்லை. குரோசாவாவின் "ரஷோமொன்" தந்த உந்துதலில் பிறந்தது. 1943 ஒக்டோபரில் ஜப்பானியக் குண்டு விழுந்த சென்னை. படம் தொடங்கிய உடனேயே சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுந்து செத்துப்போகிறார். நாயகனின் முகம் பார்க்கக் காசு கொடுத்து வந்தவர்களுக்கு முதல் நிமிடத்திலேயே பிணத்தைக் காட்டிய துணிச்சலை எண்ணிப் பாருங்கள். தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. வசூல் கிடைக்கவில்லை. பாட்டில்லாத படத்தை ஏற்க அன்றைய ரசிகர்கள் ஆயத்தமாக இருக்கவில்லை. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வெலிங்டன் தியேட்டரிலோ ராணியிலோ வின்சரிலோ கலரியில் இருந்து படம் பார்த்தவர்களுக்குத் தெரியும், பாட்டு என்பது மூச்சு விடுகிற இடம். கொலைப் படத்தில் அந்த இடத்தை எடுத்துவிட்டால், கண்ணை வேறெங்கும் திருப்ப முடியாமல் செத்தவனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பாலசந்தருக்கும் திரைக்கதை எழுதிய ஜாவர் சீதாராமனுக்கும் வேண்டியிருந்தது அதுதான் என்று நினைக்கிறேன். அயல்வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, காதலி, மனைவி என்று ஐந்து பேரை சி.ஐ.டி. சிவானந்தம் விசாரிக்கிறார். அந்தத் துப்பறிவாளராக நடித்ததும் சீதாராமன்தான். ஆளுக்கொரு கதை வருகிறது, ஒருவர் இன்னொருவரை நோக்கி விரல் நீட்டுகிறார். கொன்றது யார் என்று கணக்குப் போட்டுக்கொண்டே பார்க்கிறோம். ஆனால் ஒவ்வொரு வாக்குமூலத்திலும் வளர்ந்துகொண்டு போவது ராஜன் என்ற செத்தவனின் உருவம். தம்பிக்கு அவன் சொத்து விடயத்தில் இரக்கமில்லாத தமையன். காதலிக்கு அவன் வேறு ஆள். மனைவி உஷாவுக்கு, தன் ஆராய்ச்சியை நாடு மதிக்கவில்லை என்ற ஆத்திரத்தில் எதிரிக்கு இரகசியம் விற்கத் துணிந்த கெட்டிக்காரன்.

முடிவை நான் சொல்லத்தான் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ராஜன் செத்தது உஷாவின் கையிலிருந்த துப்பாக்கியால். உஷாவாக நடித்த பண்டரிபாய் அதை ஒப்புக்கொள்கிற இடத்தில் மண்டபத்தில் ஒரு அதிர்ச்சி வர வேண்டும். வருகிறது. அது ஒரு நிமிடத்தில் அடங்கியும் போகிறது. இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை பார்க்கும்போதும் என்னை விடாதது ராஜன்தான். இவ்வளவு திறமையுள்ள ஒருவன் எந்த இடத்தில் திரும்பினான்? யாராவது அவனோடு வேளைக்குப் பேசியிருந்தால் திருப்பியிருக்கலாமா? முடிவு தெரிந்த பிறகும் இந்தக் கேள்விகள் மிஞ்சுவதால்தான் எழுபது வருடம் கடந்தும் படம் உயிரோடு இருக்கிறது. முடிவு தெரிந்ததும் செத்துப்போகிற மர்மப் படங்கள் எத்தனை!

என் பெரியம்மா ஒருவர் இருந்தார். தொலைக்காட்சியில் எந்த நாட்டு மர்மப் படம் ஓடினாலும், தரையில் ஒரு உடல் கிடப்பதைக் காட்டியதும் "பாவம், ஆர் பெத்த பிள்ளையோ" என்பார். கொலைகாரனைக் கண்டுபிடிக்கும் போட்டியில் அவருக்கு அக்கறை இருந்ததில்லை. நாங்கள் இளம் ஆட்கள் அவரைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லுவோம். இன்று யோசித்துப் பார்த்தால், அந்த அறையில் படத்தைச் சரியாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

அது ஒரு தனிமனுஷியின் இரக்கம் மட்டுமில்லை, இந்த மண்ணின் பழக்கம். எங்கள் பேப்பரில் மரண அறிவித்தலை எடுத்துப் பாருங்கள். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்டவர், இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய், இன்னாரின் மாமியார், இன்னாரின் பேர்த்தி என்று ஒரு முழு ஆளை நிறுத்திய பிறகே கிரியை நடக்கும் நேரம் வரும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்குக் கல்வெட்டு என்ற நினைவு நூலை அடித்துக் கொடுப்போம். படம், தேவாரம், செத்த திதியைச் சொல்லும் வெண்பா, வாழ்க்கை வரலாறு, அதற்குப் பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல். ஒரே மனிதரைப் பற்றி ஐந்து குரல்கள்! "அந்த நாள்" ஜப்பானியப் படத்தைப் பார்த்துச் செய்த கட்டமைப்பு என்று சொல்கிறோம். அதே கட்டமைப்பு எங்கள் வீட்டு அலுமாரிகளில் கல்வெட்டு என்ற பெயரில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. கல்வெட்டில் எல்லாரும் புகழ்வார்கள், படத்தில் எல்லாரும் குற்றஞ்சாட்டுகிறார்கள். ஆனால் செத்தவர் தனியொரு ஆளில்லை, அவரைத் தெரிந்தவர் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டாக இருக்கிறார் என்ற அறிவு இரண்டுக்கும் பொது.

இந்தப் பழக்கம் உள்ள ஊரில்தான், பெயர் சொல்ல முடியாத உடல்கள் மண்ணுக்குள்ளிருந்து வந்திருக்கின்றன. செம்மணிப் புதைகுழியில் 1999 இல் தோண்டியபோது பதினைந்து. 2025 இல் அதே செம்மணியின் சித்துப்பாத்தி மயானத்தில் தோண்டத் தோண்ட இருநூறுக்கும் மேல். அவற்றுள் சிறு பிள்ளைகளுடையவையும் இருந்தன. அந்த ஓகஸ்டில், நீதிமன்ற உத்தரவின்படி, எலும்புகளோடு கிடைத்த உடுப்புகளையும் பொருட்களையும் மக்கள் வந்து அடையாளம் காட்டுவதற்காகக் காட்சிக்கு வைத்தார்கள். ஒரு பள்ளிக்கூடப் பை இருந்தது, விளையாட்டுப் பொம்மை இருந்தது. பிள்ளைகளைத் தொலைத்த தாய்மார் வரிசையில் நின்று பார்த்தார்கள். மர்மப் படத்தில் துப்பறிவாளர் பூதக்கண்ணாடியால் பார்க்கிற தடயப் பொருளை, இங்கே தாய் வெறும் கண்ணால் பார்க்கிறாள். கொன்றது யார் என்ற கேள்விக்கு அவளும் பதில் கேட்கிறாள், கேட்க வேண்டும், அதை யாரும் அவளிடமிருந்து பறிக்க முடியாது. ஆனால் அவள் முதலில் தேடுவது இது என் பிள்ளையா என்பதை.

இந்த ஊரிலிருந்து கொண்டு லண்டன் மூடுபனிப் படத்தைப் பார்க்கிறவர், முதல் காட்சியில் விழுகிற உடலைக் கடந்து போக மாட்டார். அது பலவீனம் என்றும், இரசனை முதிர்ச்சியில்லை என்றும், படத்தைப் படமாகப் பார்க்கத் தெரியவில்லை என்றும் சில நண்பர்கள் என்னிடம் வாதிட்டிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் ஓர் உண்மை உண்டு. புதிர் அவிழும் இன்பம் நல்ல இன்பம்தான். ஹோம்ஸ் ஒரு சேற்றுத் தடத்தைப் பார்த்து ஒருவருடைய தொழிலைச் சொல்லும்போது நானும் கைதட்டியிருக்கிறேன், இனியும் தட்டுவேன். ஆனால் அந்த இன்பத்துக்காகச் செத்தவரை மேடைச் சாமான் ஆக்க வேண்டியதில்லை என்பதைக் "காஸ்லைட்" காட்டிவிட்டது, "அந்த நாள்" அதை இன்னும் வலுவாகக் காட்டிவிட்டது.

இங்கே சிறிய கமராவோடும் கைத்தொலைபேசியோடும் குறும்படம் எடுக்கிற இளம் ஆட்கள் பலர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். மர்மப் படம் எடுப்பதென்றால் கொரிய மொழித் தொடரிலிருந்தும் லண்டன் தெருவிலிருந்தும் மழையையும் கருப்புக் கோட்டையும் கொண்டுவராதேயுங்கோ. அந்தியேட்டி நாளில் தொடங்குங்கள். கல்வெட்டு அச்சாகி வந்திருக்கிறது. கட்டை அவிழ்த்து முதல் பிரதியை எடுத்து வாசிக்கிற மகள், சகோதரர் புலம்பலில் ஒரு வரி பொருந்தவில்லை என்று காண்கிறாள். அங்கிருந்து ஒவ்வொரு புலம்பலாக, ஒவ்வொரு குரலாகப் போங்கள். கொலைகாரனைக் கடைசியில் காட்டுவதும் காட்டாமல் விடுவதும் உங்கள் விருப்பம். எழுதுவதற்கு மூலப் பொருள் வேண்டுமென்றால், நூலகம் நிறுவனம் இணையத்தில் ஆவணப்படுத்தி வைத்திருக்கிற நினைவு மலர்களையும் கல்வெட்டுகளையும் வாசியுங்கள். இலவசமாகவே கிடைக்கின்றன. பழையவற்றில் புலம்பல் முழுக்க விருத்தத்தில் இருக்கும். அதையும் சத்தமாக வாசித்துப் பாருங்கள், வசனம் எழுத உதவும். திரைக்கதை எழுதி முடித்தவர்கள் என்னிடம் கொண்டுவந்தால் உட்கார்ந்து பேச நான் ஆயத்தம்.